மாற்கு பர்னபாவை என்ன முறை சொல்லி அழைப்பான்?

இஞ்சிவிளை டீச்சர்

எங்கள் சபையில் அடுத்த மாதம் ஞாயிறு பள்ளி ஆண்டுவிழா. நாடகம் எழுதும் பொறுப்பு வழக்கம்போல் என் தலையில் விழுந்திருக்கிறது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை எடுத்திருக்கிறேன். பம்பிலியாவில் பாதி வழியில் திரும்பிப் போய்விட்ட மாற்குவை மறுபடியும் அழைத்துச் செல்லலாமா கூடாதா என்று பவுலும் பர்னபாவும் கடுமையாகச் சண்டையிட்டுப் பிரிகிறார்களே, அந்த இடம்.

மாற்குவாக நடிக்கும் பையன் ஓடிவந்து பர்னபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "…, என்னையும் அழைத்துப் போங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்தப் புள்ளிகளுக்குப் பதிலாக என்ன எழுதுவது? மூன்று நாட்களாகப் பேனா அங்கேயே நிற்கிறது.

பவுலின் நிருபத்தில் கொலோசெயர் 4:10ஐப் பார்த்தேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் "பர்னபாவுக்கு இனத்தானாகிய மாற்கு" என்றிருக்கிறது. "இனத்தானே" என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எங்கள் சபையில் காலையில் மலையாள ஆராதனை, அது முடிந்து தமிழ். மலையாள ஆராதனைக்கு வரும் அக்கா ஒருவரிடம் சத்தியவேதபுஸ்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அதில் "மச்சுனன்" என்று இருக்கிறது. அப்படியானால் மச்சானா? பதினொரு வயதுப் பையன் தேங்காய் நார்த் தாடி வைத்த பர்னபாவை மேடையில் "மச்சான்" என்று அழைத்தால் பின்வரிசை கூரையைப் பெயர்த்துவிடும்.

குமுளி ஏலம்

இதற்கு மூன்று நாளா? கசின் என்று போட்டுவிட்டுப் போங்கள்.

இஞ்சிவிளை டீச்சர்

"கசின், என்னையும் அழைத்துப் போங்கள்." நீங்களே வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

நகரித் தறி

நான் நகரியில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், தறிக்கூடத்தில் தெலுங்கு. எங்கள் சபையில் வாசிப்பது தெலுங்கு வேதாகமம். நீங்கள் சொன்ன வசனத்தை அதில் பார்த்தேன். அங்கே மாற்கு பர்னபாவுக்குச் "சமீப ஞாதி".

சகோதரரே, ஞாதி என்றால் எங்கள் பக்கத்தில் பங்காளி. ஒரே தாத்தாவின் சொத்தில் பங்கு கேட்கக்கூடியவன். சாவு விழுந்தால் தீட்டுக் காப்பவன். மச்சுனன் என்றால் பெண் கொடுத்து, பெண் எடுக்கும் முறை. மலையாளத்துக்காரர்கள் மாற்குவைச் சம்பந்தி வீட்டுப் பக்கம் உட்கார வைத்தார்கள். தெலுங்குக்காரர்கள் பங்காளிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். ஒருவன் இரண்டு பந்தியிலும் உட்கார முடியாதே.

இஞ்சிவிளை டீச்சர்

முதலில் ஒன்று: நான் சகோதரர் அல்ல, சகோதரி. டீச்சர் என்று பெயரிலேயே போட்டிருக்கிறேன். பவுலின் நிருபங்களில் "சகோதரரே" என்று வரும் இடங்களில் பெண்களும் அடக்கம் என்று போதகர்கள் சொல்லுவார்கள். நீங்களும் அந்தக் கணக்கில் எழுதியிருந்தால் சரி.

இரண்டு பந்தி என்றீர்களே, அதுதான் என் சிக்கல். தமிழில் முறை சொல்லாமல் உறவு சொல்லவே முடியாதா?

பழைய போதகர்

டீச்சர் அம்மா, நான் களியக்காவிளைப் பக்கம் ஓய்வில் இருக்கிறேன். இறையியல் கல்லூரியில் படித்த கிரேக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அந்த வசனத்திலுள்ள சொல் அனெப்சியோஸ். பெற்றோரில் யாராவது ஒருவரோடு கூடப் பிறந்தவரின் பிள்ளை. எந்தப் பெற்றோர், கூடப் பிறந்தவர் ஆணா பெண்ணா என்பதையெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை. 1611இன் ஆங்கில வேதாகமம் இதே இடத்தில் மாற்குவைப் பர்னபாவின் "சகோதரி மகன்" என்று எழுதிவிட்டது. 1881இல் திருத்தினார்கள். ஆகவே உங்கள் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தின்படி மாற்கு பர்னபாவுக்கு மருமகன். பையன் "மாமா" என்று கூப்பிடுவான்.

மலையாளத்து மச்சுனனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே கிரேக்கச் சொல் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் எண்ணாகமம் 36:11இல் வருகிறது. செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் யாரைக் கல்யாணம் செய்தார்கள்? தகப்பனுடைய சகோதரரின் மகன்களை. அவர்களைத்தான் கிரேக்கம் அனெப்சியோஸ் என்கிறது. நம் ஊரில் தகப்பனுடைய சகோதரரின் மகன் மச்சுனன் அல்ல, அண்ணன் அல்லது தம்பி. அதனால் மாற்குவும் சித்தப்பா மகன்தான் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும் என்று மட்டும் சொல்கிறேன்.

நகரித் தறி

ஐயா, அந்த ஐந்து மகள்கள் கதையைச் சிறுவயதில் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. நிலம் வேறு கோத்திரத்துக்குப் போகக் கூடாது என்று பெரியப்பா, சித்தப்பா மகன்களையே கட்டிக்கொண்டார்கள் என்றால், எங்கள் ஊரில் பஞ்சாயத்துக் கூட்டிவிடுவார்கள். பிரசங்கியார் அதைப் பெண்களுக்குச் சொத்துரிமை என்ற பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா "ஐயோ, அண்ணன் தங்கையல்லவா?" என்று மெல்லச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பழைய போதகர்

யாக்கோபின் கல்யாணம் அப்படியே எதிர்ப்பக்கம். மாமன் மகள்களைக் கட்டினான். அந்நியனுக்குக் கொடுப்பதைவிட உனக்குக் கொடுப்பது மேல் என்று லாபான் சொல்லும் இடத்தை வாசித்தால் அவன் ஊர் ஆரானா ஆரல்வாய்மொழியா என்று சந்தேகம் வரும். மூத்தவள் இருக்க இளையவளைத் தர மாட்டேன் என்பதும் நம் வீட்டுப் பேச்சுதான்.

இங்கே மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆதியாகமம் 29:15இல் லாபான் யாக்கோபைப் பார்த்து, எபிரெயத்தில், "நீ என் சகோதரன்" என்கிறான். எபிரெயத்தில் அந்தச் சொல் உறவுக்காரன் என்ற அளவுக்கு விரியும். மலையாளம் அதைச் சகோதரன் என்றே வைத்துக்கொண்டது. தமிழில் "நீ என் மருமகனாயிருப்பதினால்" என்று போட்டார்கள். சகோதரியின் மகன் என்ற பொருளில் அது சரியே. ஆனால் கல்யாணம் இன்னும் ஏழு வருடம் தள்ளி இருக்கிறது. கேட்கிறவனுக்கு அப்போதே தாலி கட்டியாகிவிட்டது போலத் தோன்றும்.

இஞ்சிவிளை டீச்சர்

ஐயா, அந்த மருமகன் மலையாளத்தில் வந்திருந்தால் வேறொரு குழப்பம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்தில் மருமக்கத்தாயம் சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1976இல்தான். பழைய தலைமுறைக்கு மருமகன் என்றால் மாமனின் சொத்துக்கு வாரிசு. லாபான் ஆட்டு மந்தை முழுவதையும் எழுதிக் கொடுக்கப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்று. போன வருடம் வகுப்பில் மோசே பாடம். "தன் மாமனாகிய எத்திரோவின் ஆடுகளை மேய்த்து வந்தான்" என்று வாசித்தேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்: "டீச்சர், எத்திரோ மோசேயின் அம்மாவுக்கு அண்ணனா? அப்படியானால் அவரும் எபிரெயர்தானே, மீதியான் ஆசாரியர் என்கிறீர்களே?" சரியான கேள்வி. மனைவியின் தகப்பனும் மாமன், தாயின் சகோதரனும் மாமன். முறைப்பெண் கல்யாணம் வழக்கமான ஊரில் இரண்டும் ஒரே ஆளாகவே இருந்துவிடும். மோசேக்கு அப்படி இல்லை என்று கரும்பலகையில் வம்ச அட்டவணை வரைந்து காட்டியதில் அன்றைய மணி போய்விட்டது.

கொழிஞ்சாம்பாறை

நான் கத்தோலிக்கன். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழன். மாற்கு, பர்னபா இருக்கட்டும். இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். மாற்கு 6:3இல் வரும் இயேசுவின் சகோதரர்கள். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். இவர்கள் உடன்பிறந்தவர்கள் அல்ல, மரியாவின் சகோதரியின் பிள்ளைகள் என்று புனித ஜெரோம் 383 வாக்கில் எல்விதியுஸுக்கு மறுப்பு எழுதினார். உங்கள் சபைக்காரர்கள் எங்களோடு மல்லுக்கு நிற்பதும் இதற்காகத்தான். தமிழனுக்கு இதில் ஆச்சரியம் என்ன? பெரியம்மா மகனை நீங்கள் கசின் என்றா சொல்லுகிறீர்கள்? அண்ணன் என்றுதானே சொல்லுகிறீர்கள்?

பழைய போதகர்

சண்டைக்கு வரவில்லை, ஐயா. ஆனால் நம் வீட்டு வழக்கத்தை வைத்துக் கிரேக்கத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. பவுலுக்கு அனெப்சியோஸ் என்ற சொல் தெரிந்திருந்தது, மாற்குவுக்கு அதைப் பயன்படுத்தினார். யாக்கோபைக் குறிப்பிடும்போது "கர்த்தருடைய சகோதரன்" என்கிறார். இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் எகேசிப்பு சொன்னதை யூசேபியு எடுத்து எழுதியிருக்கிறார். அதிலும் யாக்கோபு சகோதரன். ஆனால் யோசேப்பின் தம்பியோ அண்ணனோ ஆன கிலோப்பாவின் மகன் சிமெயோன் அனெப்சியோஸ். இரண்டு சொல்லையும் பிரித்துத்தான் ஆண்டிருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். ஆபிரகாம் லோத்துவிடம் "நாம் சகோதரர்" என்கிறான். லோத்து அவனுடைய சகோதரன் மகன். கிரேக்க மொழிபெயர்ப்பும் அங்கே அதெல்ஃபோஸ், அதாவது சகோதரன், என்றே எழுதியது. அதனால் அந்தச் சொல் விரியவே விரியாது என்றும் சாதிக்க முடியாது.

இஞ்சிவிளை டீச்சர்

எனக்கு ஒன்று தோன்றுகிறது, தவறானால் திருத்துங்கள். இயேசுவின் சகோதரர் பற்றி மூன்று கட்சி இருக்கிறது. எல்விதியுஸ் கட்சி: இயேசுவுக்குப் பின் மரியாளுக்குப் பிறந்த பிள்ளைகள். கிழக்கத்திய சபைகளின் பழைய வழக்கு: யோசேப்பின் முதல் மனைவியின் பிள்ளைகள். ஜெரோம் கட்சி: தாயின் சகோதரி பிள்ளைகள். தமிழில் மூன்று பேரும் அண்ணன் தம்பிதான்! உடன்பிறந்தவன், மூத்தாள் மகன், பெரியம்மா மகன் என எல்லாருக்கும் ஒரே பந்தி. கிலோப்பாவின் மகனைச் சேர்த்தாலும் சித்தப்பா மகன், அவனும் அதே பந்தி. ஆயிரத்து அறுநூறு வருடச் சண்டை தமிழ் வீட்டு வாசலில் தீர்ந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. தீரவில்லை, வேறு வாசலில் போய் நிற்கிறது. அண்ணன் என்று எழுதினால் யோசேப்பின் முதல் மனைவி கட்சி. தம்பி என்று எழுதினால் எல்விதியுஸ் கட்சி, ஏனென்றால் இயேசு முதற்பேறானவர். கிரேக்கத்தில் "அவருடைய சகோதரர்" என்று எழுதிவிட்டு மத்தியஸ்தமாக நிற்கலாம். நாம் தினமும் பேசுகிற தமிழில் நிற்க முடியாது. வாயைத் திறந்தால் கட்சி தெரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை

அக்கா, இதை எங்கள் பங்குச் சாமியாரிடம் கட்டாயம் சொல்லப் போகிறேன்.

நானும் ஒன்று சேர்க்கிறேன். யோவான் 7இல் அந்தச் சகோதரர்கள் இயேசுவுக்கு யூதேயாவுக்குப் போ, வெளியரங்கமாகச் செய் என்று புத்தி சொல்கிறார்கள். மாற்கு 3இல் அவரைப் பிடித்துக்கொண்டு போகவே வீட்டார் வருகிறார்கள். தம்பிகள் மூத்தவரிடம் இப்படி நடப்பார்களா? எனக்கு அது அண்ணன்மார் பேச்சாகத்தான் காதில் விழுகிறது.

பழைய போதகர்

மேல்நாட்டு அறிஞர்களும் அந்த வாதத்தை வைத்திருக்கிறார்கள். என் தம்பி என்னிடம் பேசுவதைக் கேட்டிருந்தால் அவர்கள் அதை வைத்திருக்க மாட்டார்கள்.

நகரித் தறி

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். மூத்தது இளையது என்றதும் நினைவு வந்தது. எஸ்தர் மொர்தெகாய்க்குத் தமிழில் "சிறிய தகப்பன் குமாரத்தி". எரேமியாவிடம் நிலம் விற்க வரும் அனாமெயேல் "பெரிய தகப்பனாகிய சல்லூமின் குமாரன்". மூலத்தில் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல்லா, ஐயா?

பழைய போதகர்

ஒரே சொல். தோத். தகப்பனுடைய சகோதரன், அவ்வளவுதான். மொர்தெகாயின் தகப்பனுக்கு எஸ்தரின் தகப்பன் இளையவர் என்றோ, சல்லூம் எரேமியாவின் தகப்பன் இல்க்கியாவுக்கு மூத்தவர் என்றோ வேதத்தில் ஒரு வரி கிடையாது. தமிழில் எழுதியே ஆக வேண்டும், மொழி விடாது, ஒருவரைச் சிறியவராக்கி இன்னொருவரைப் பெரியவராக்கிவிட்டார்கள். யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்ற தைரியம்.

லோத்துவுக்கு ஆபிரகாம் பெரியப்பாவா, சித்தப்பாவா என்று கேட்டால் கணக்கே போட வேண்டும். தேராகு தன் எழுபது வயதில் ஆபிராம், நாகோர், லோத்துவின் தகப்பனான ஆரான் மூவரையும் பெற்றான் என்று வரிசையாக வருகிறது. வரிசைப்படி ஆபிராம் மூத்தவன், ஆகவே பெரியப்பா. ஆனால் தேராகு 205 வயதில் செத்தான், அதற்குப் பிறகே ஆபிராம் ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டான் என்று ஸ்தேவான் சொல்கிறார், அப்போது ஆபிராமுக்கு வயது 75. கழித்துப் பாருங்கள். ஆபிராம் பிறந்தபோது தகப்பனுக்கு 130. அப்படியானால் அவன் மூத்தவனாக இருக்க முடியாது, சித்தப்பா. இந்த வம்பே வேண்டாம் என்றுதான் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பல இடங்களில் சகோதரன், இனத்தான் என்று நகர்ந்துகொண்டார்கள். அதைக் கோழைத்தனம் என்று இளவயதில் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை.

இஞ்சிவிளை டீச்சர்

தெரிந்த இடத்திலும் நகர்ந்துகொள்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். ஆரோன் மோசேயைவிட மூன்று வயது மூத்தவர், யாத்திராகமம் 7:7இல் 83, 80 என்று எண்ணே இருக்கிறது. தமையன் என்று எழுத என்ன தடை? குழந்தை மோசேயைக் காவல் காக்கும் பெண்ணை மட்டும் "தமக்கை" என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் நாணல் ஓரத்தில் நிற்கும் பெண் என் கண்ணில் தெரிகிறாள்.

ரூத்தில் இன்னொன்று. நகோமி ரூத்திடம் ஒர்பாளைக் காட்டி "உன் சகோதரி" திரும்பிப் போய்விட்டாளே என்கிறாள். எங்கள் வீட்டில் அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. அந்தச் சொல் இருக்கும்போது சகோதரி எதற்கு?

நகரித் தறி

தெலுங்கில் "தோடிகோடலு" என்றே இருக்கிறது. ஓரகத்திதான். ஒரே மாமியாருக்குக் கூட்டு மருமகள். கானாவூர்க் கல்யாணத்திலும் உங்கள் தமிழில் இயேசு தாயை "ஸ்திரீயே" என்கிறார். எங்களுக்கு "அம்மா".

கொழிஞ்சாம்பாறை

1995இன் பொது மொழிபெயர்ப்பில் எங்களுக்கும் "அம்மா". கெட்ட குமாரன் உவமையிலும் வேலைக்காரன் மூத்தவனிடம் "உம் தம்பி வந்திருக்கிறார்" என்கிறான். பழையதில் "சகோதரன்". அங்கே தம்பி என்று எழுதியதால் கதை கூர்மையாகிறது. வேலைக்காரன் தம்பி என்கிறான், தகப்பன் தம்பி என்கிறார். மூத்தவன் மட்டும் கடைசிவரை அந்தச் சொல்லை வாயில் வைக்காமல் "உம் மகன்" என்றே பேசுகிறான். பங்காளிச் சண்டையில் என் தகப்பனார் தன் தம்பியைப் பத்து வருடம் "இவன்" என்று மட்டுமே குறிப்பிட்டார். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் தென்னந்தோப்பு வரப்புதான் நினைவுக்கு வரும்.

குமுளி ஏலம்

எல்லாம் சரி. மாற்கு என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்? ஆண்டுவிழா வந்துவிடப் போகிறது.

பழைய போதகர்

தம்பி கேட்பது நியாயம். உறவைக் குறிப்பிடுவது வேறு, அழைப்பது வேறு. குறிப்பிடும்போது முறை தப்பக் கூடாது. அழைக்கும்போது நாம் அவ்வளவு கறார் இல்லை. பஸ் நடத்துநரையே அண்ணன் என்றுதான் அழைக்கிறோம். "பர்னபா அண்ணா" என்று எழுதுங்கள் டீச்சர் அம்மா. பங்காளியானாலும் பொருந்தும், வெறும் மூத்தவரானாலும் பொருந்தும்.

இஞ்சிவிளை டீச்சர்

நன்றி ஐயா. அப்படியே எழுதி, நேற்று முதல் ஒத்திகையும் முடிந்தது. பையன் "அண்ணா" என்று ஓடிவந்த வேகத்தில் பர்னபாவின் தாடி பாதி கழன்றது, மற்றபடி குறையில்லை. மலையாள ஆராதனைக்கு ஒரு காட்சி போடச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே "சேட்டா". அதுவும் எல்லாருக்கும் பொருந்துகிற சொல்தான்.

முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த எண்பது வயதுப் பாட்டி ஒருவர் மட்டும் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா என்கிறானே, கூடப் பிறந்தவனா?" இல்லை பாட்டி, பெற்றோர் வழியில் உறவு, எந்த வழி என்று வேதத்தில் இல்லை என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "பர்னபாவுக்கு ஒரு தங்கை இருந்தால் இந்தப் பையனுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல். முறையை நான் சொல்லித் தருகிறேன்."

குமுளி ஏலம்

என்ன பதில் சொன்னீர்கள்?

இஞ்சிவிளை டீச்சர்

காப்பி ஆறுகிறது, குடியுங்கள் பாட்டி என்றேன்.